வீராசாமி மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட கதை

பொறுமை என்ற சாமான் எனக்குப் பிறவியிலேயே கிடையாது. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டேன் என்று அம்மா சொல்வார். பள்ளிக்கூடத்தில் கேள்வியை வாசிக்காமல் விடை எழுதியிருக்கிறேன். கல்யாண வீட்டில் இலை போடுமுன்பே பந்தியில் உட்கார்ந்து, பாய் விரிக்க வந்தவரால் எழுப்பி விடப்பட்டிருக்கிறேன். மெதுவாக, படிப்படியாக மேலே வந்தவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான்.

போன விடுமுறைக்குப் பதுளைக்கு வந்திருந்த பேத்தி, கைபேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். எங்கெங்கோ உள்ளவர்கள் ஆளுக்கொரு வேசம் போட்டுக்கொண்டு ஒரே காட்டுக்குள் திரியும் விளையாட்டாம். அவளுடைய ஆள் ஒரு வில்லுக்காரி. அந்த வில்லுக்காரி நான் தேத்தண்ணி குடித்து முடித்து, தூங்கி எழும்பி வந்த பிறகும் அதே ஓடைக்கரையில் நின்று பன்றி பன்றியாக அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்தப் பன்னிக்கும் ஒனக்கும் என்னதான் சண்டை?"

"சண்டை இல்ல தாத்தா. லெவல் ஏத்துறேன். இப்பவே பெரிய அரக்கன்கிட்ட போனா ஒரே அடியில செத்துருவேன். யாரும் வராத எடமாப் பாத்து, சின்னச் சின்னதா நெறைய அடிச்சா சட்டுனு மேல போயிறலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரும் வராத இடமாகப் பார்த்து, சின்னச் சின்னதாக. இதே வேலையை நான் எழுபதுகளில் உடம்பெல்லாம் அடுப்புக்கரி பூசிக்கொண்டு செய்திருக்கிறேன்.

எங்கள் தோட்டம் அப்புத்தளைக்குக் கீழே, கொஸ்லந்தைக்குப் போகிற பக்கம். மாசி மாதம் பிறை கண்டதும் காமன் கம்பம் நடுவார்கள். அதிலிருந்து பௌர்ணமி வரை கூத்துத்தான். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன மன்மதனை, நாங்கள் மதன் என்போம், நெற்றிக்கண்ணால் எரித்துவிடுவது கதை. ரதி அழ வேண்டும், தூதன் ஓட வேண்டும், எமன் கயிறு வீச வேண்டும், கடைசியில் வீரபத்திரன் வந்து எல்லாரையும் கதிகலங்க வைக்க வேண்டும். எல்லா வேசமும் ஆண்கள்தான் கட்டுவார்கள்.

இந்த வேசங்களுக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு படி வரிசை இருந்தது. முதலில் பந்தம் பிடிக்க வேண்டும். அடுத்து கோமாளி. அடுத்து நந்தி. (நந்திக்கு இரண்டு ஆள். புதியவன் பின்பாதி.) பிறகு தூதன். பிறகு ஏதாவது ஒரு பெரிய வேசம். அதற்கும் பிறகுதான் மதன். வருடத்துக்கு ஒரு படிதான் ஏறலாம். பந்தத்தில் தொடங்கியவன் மதனாக வருவதற்குள் மீசை முளைத்து, தடித்து, நரைக்கவும் ஆரம்பித்துவிடும். நான் அப்போது பந்தம் பிடிக்கிற படியில் இருந்தேன். அதிலும் முந்தின வருடம் கோயில் தலைவரின் வேட்டியில் தீ வைத்துவிட்டதால், அந்தப் படியிலாவது இருக்கிறேனா என்பது சந்தேகமாக இருந்தது.

எங்கள் தோட்டத்து வீரபத்திரன், வீராசாமி மாமா. (இப்போது பேரைச் சொல்லலாம். அவர் போய்ச் சேர்ந்து கனகாலம்.) அம்மாவுடைய அண்ணன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதில் மன்னன், கையில் கத்தியில்லாமல் நான் அவரைப் பார்த்ததே குறைவு. வீரபத்திரன் வேசத்தில் அவருக்கு அருள் வந்துவிட்டால் இடுப்பில் கயிறு கட்டி நாலு தடியர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் அழும், பெரியவர்கள் அழாத மாதிரி நடிப்பார்கள். அவருக்கு ஒரு மகள். அந்த மகள்மேல் எனக்கு, சுருக்கமாகச் சொன்னால், பைத்தியம்.

இதில் அவசரம் எங்கே வந்தது என்றால், தோட்டத்து ஆட்களை இந்தியாவும் இந்த நாடும் ஒப்பந்தம் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது, மாமா குடும்பத்துக்கு இந்தியாப் பாஸ்போர்ட்டு வந்துவிட்டது. சித்திரைக்குள் தலைமன்னாரில் கப்பலேற வேண்டும். எங்கள் குடும்பத்துக்கோ இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. வரிசை வீடாகக் கட்டிய லயத்தில், எங்கள் காம்பராவும் அவர்கள் காம்பராவும், வீடென்றால் அந்த ஒற்றை அறைதான், அடுத்தடுத்து, நடுவில் கூரை வரைக்கும் போகாத ஒரு அரைச்சுவர். கடதாசிப்படி நடுவில் கடல். அம்மா போய் மாமாவிடம் பேசிப் பார்த்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பந்தம் புடிக்கத் தெரியாதவனுக்கா பொண்ணு?" என்றார் மாமா. "ஒரு வேசம் கட்டி நின்னு ஆடத் துப்பில்ல. இவன நம்பி எப்பிடி புள்ளைய விட்டுட்டுப் போறது? இந்த மாசியில ஒன் மகன மதன் வேசம் கட்டச் சொல்லு தங்கச்சி. கட்டுனா, கல்யாணத்த முடிச்சு அவள இங்கயே விட்டுட்டு நாங்க போறோம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஐந்தாறு வருடப் படியை ஒரே மாசியில் ஏறச் சொல்கிறார், அதாவது கிடையாது என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்கிறார் என்று என் அம்மாவுக்குப் புரிந்தது. எனக்குப் புரியவில்லை. வழி திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாளே அப்புத்தளைக்கு ஓடினேன். அங்கே துணிக்கடை வைத்திருந்தவரின் மகன் காதர் என் கூடப் படித்தவன். எந்தச் சிக்கலுக்கும் குறுக்கு வழி கண்டுபிடிப்பதில் கில்லாடி. (எல்லா வழியையும் என்னை வைத்துத்தான் பரீட்சை பார்ப்பான்.) துணியைக் கிழித்துக்கொண்டே கதையைக் கேட்டான்.

"இஞ்ச பாரு மச்சான். ஒங்கட தோட்டத்துல வருசத்துக்கு ஒரு வேசம். சரி. மத்தத் தோட்டத்துல போயிக் கட்டக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல."

"பொறகென்னத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கிற? பெரிய தோட்டத்துக்குப் போகாத, அங்க ஆளு நெறைய. கப்பலேறிப் பாதிப் பேரு போன தோட்டமாப் பாத்துப் போ. வேசம் கட்ட ஆளில்லாம முழிச்சிக்கிட்டு இருப்பாங்க. நிண்டவனப் புடிச்சி மூஞ்சில மையப் பூசிருவாங்க."

அவன் சொன்னது அப்படியே நடந்தது. அந்தப் பக்கத்துக்கெல்லாம் தப்படிக்கிற கூட்டம் ஒன்றுதான் என்பதால் ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு நாளில் கூத்து வைத்தது. நான் தப்புக்காரர்கள் பின்னாலேயே போனேன். முதல் தோட்டத்தில் கோமாளி. என்னென்னவோ செய்து பார்த்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. இறங்கி வரும்போது தண்ணி ஓடுகிற கானுக்குள் விழுந்தேன், அப்போது சிரித்தார்கள். சிரித்தார்கள் அல்லவா, கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அடுத்த தோட்டத்தில் நந்தியின் பின்பாதி. முன்பாதியாக வந்தவர் தூதனோடு ஏதோ கோபத்தில் துணியை உதறிவிட்டு வெளியே போய்விட்டார். அது தெரியாமல் பின்பாதி மட்டும் குனிந்து குனிந்து சிவனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் அடுத்த தோட்டத்தில் தூதன். மதன் எரிந்துவிட்டான் என்று ரதியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். நான் அவசரத்தில் மதன் எரியுமுன்பே போய்ச் சொல்லிவிட்டேன். ரதி தலையில் அடித்துக்கொண்டு அழ, மதன் பக்கத்திலேயே நின்று முழிக்க, சிவன் வேசக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நிஜமாகவே நெற்றிக்கண் இருந்தது.

ஆனாலும் மூன்று படி ஏறியாகிவிட்டது. இன்னும் ஒரு பெரிய வேசம். அதற்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம். எங்கள் தோட்டத்துக்கு மேலே, மலை உச்சிக்குப் பக்கத்தில் இருந்த மேல் டிவிசன்.

அங்கே போனால் எமன் வேசம் கிடைக்கும் என்று தப்புக்காரர்கள் சொன்னார்கள். சொல்லும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்களுக்கு வேறு வேலை இருப்பதாகவும், ஒருவர் மட்டும் ஒரு தப்போடு வருவார் என்றும் சொன்னார்கள். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

மத்தியானம் ஏறிப் போனேன். மேல் டிவிசனில் நீளமாக ஐந்தாறு லயங்கள். ஏறக்குறைய எல்லாக் கதவும் கம்பியால் கட்டியிருந்தது. ஒரு கதவு மட்டும் காற்றுக்குத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரில் பழைய கலண்டர், அடுப்பில் ஊதாங்குழல், கொடியில் கழற்ற மறந்துபோன ஒரு சின்னப்பிள்ளைச் சட்டை. நாய்கள் இருந்தன. (ஆட்கள் கப்பலேறினார்கள், நாய்க்கு யார் பாஸ்போர்ட்டு கொடுப்பது?) ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் ஒன்று படுத்திருந்தது. ஒன்றுகூடக் குரைக்கவில்லை. நான் தாண்டிப் போகும்போது ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தது. இவன் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி தலையைக் கீழே போட்டுக்கொண்டது.

சின்னக்கண்ணு அண்ணன் என்பவர்தான் அங்கே கூத்தை நடத்தினார். கரியையும் நல்லெண்ணெயையும் குழைத்து என் உடம்பில் பூசினார். வாயைச் சுற்றிச் சிவப்பு. தலையில் தகரத்தில் வெட்டிய எருமைக்கொம்பு. தோளில் கறுப்புக் கம்பளி. கையில் பாசக்கயிறு.

"கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

"அப்ப ஏன்டா இதுக்கு வந்த? எமன் கட்டினவனுக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பாங்களே."

"எனக்குக் குடுக்க ஒருத்தர் இருக்காருண்ணே," என்றேன், என்னமோ தாம்பூலம் மாற்றியாகிவிட்ட தோரணையில்.

கூத்தென்றால் ராத்திரி முழுக்க ஆடுவதுதான் வழக்கம். இங்கே ஏன் பகலில் ஆடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கொம்பைச் சரிசெய்துகொண்டே, "ராத்திரியில ஆடினா கூட்டம் கூடிப் போகுது," என்றார். கூட்டம் கூடினால் நல்லதுதானே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் தப்புக்காரரைத் தேடிப் போய்விட்டார்.

கூத்து தொடங்கியது. மதனுக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். ரதிக்கு மீசை. ஒற்றைத் தப்பின் சத்தம் எதிர்மலையில் பட்டு, கொஞ்சம் தாமதித்து, வேறு யாரோ அடிப்பது மாதிரித் திரும்பி வந்தது. நான் கயிற்றோடு இறங்குகிற நேரம் பள்ளத்திலிருந்து பனி ஏறியது. அப்புத்தளைப் பனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வருவதில்லை, வந்து நின்றுகொண்டிருக்கும். அந்தப் பனிக்குள், லயத்து வாசல்களில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். வரிசை வரிசையாக, பெண்கள் மடியில் பிள்ளைகளோடு. நல்ல கூட்டம். எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒழுங்காக ஆடினேன். கயிற்றை வீசினேன், உறுமினேன், கிழட்டு மதனை நிஜமாகவே பயப்படுத்தினேன். நாய்கள் எல்லாம் எழுந்து நின்று வாலை ஆட்டின. என்னைப் பார்த்து இல்லை, வாசல்களைப் பார்த்து.

"நல்ல கூட்டம்ண்ணே," என்றேன் முடிந்ததும், மூச்சு வாங்க.

"கூட்டமா? நாங்க இருக்கிற நாலஞ்சு பேருதாண்டா."

"இல்லண்ணே, பின்னால, லயத்து வாசல்ல வரிசையா உக்காந்து..."

சின்னக்கண்ணு அண்ணன் என் தோளில் கை வைத்து என்னைக் கீழ்ப்பாதை பக்கமாகத் திருப்பினார்.

"அவுங்க வந்தா வந்துட்டுப் போறாங்க. நீ திரும்பிப் பாக்காம எறங்கு. மாசி வெயிலுக்கு இங்க பீலி வத்திப் போச்சு. ஒங்க லயத்துக்கு மேல தண்ணி விழுற பீலி ஒண்ணு இருக்குல்ல, அதுல கழுவு. கழுவாம லயத்துக்குள்ள கால் வைக்காத. கழுவுற வரைக்கும் யாரு பேரையும் வாயில எடுக்காத. எமன் வாயில பேரு வந்தா அது சும்மா போகாது, கேட்டியா?"

கேட்டேன் என்று தலையாட்டினேன். (பந்தம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தபோதும் இப்படித்தான் தலையாட்டினேன்.)

பெரிய பாதை சுற்று. நான் வழக்கம்போலக் குறுக்கு வழியில் தேயிலைக்குள் இறங்கினேன். கொஞ்ச தூரத்தில் பாதை தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் என் காலே எனக்குத் தெரியவில்லை. மேலே அந்த ஒற்றைத் தப்பு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கூத்துத்தான் முடிந்துவிட்டதே, யார் அடிக்கிறார்கள்? எமனுக்கே பயம் என்றால் யாரைக் கூப்பிடுவது? சாமி பேரைச் சொல்லலாம் என்று பார்த்தால், நான் இருக்கிற கோலத்தில் சாமி என்ன நினைக்கும் என்று அதுவும் வாயில் வரவில்லை.

அப்போது கீழே பனிக்குள் ஒரு உருவம் வந்தது. கால் இருந்தது, கை இருந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய சதுரம் இருந்தது. அது மெதுவாக என் பக்கமாக நகர்ந்து வந்தது.

அந்தச் சதுரம் இருமியது.

அந்த இருமல் எனக்குத் தெரியும். அரைச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிறந்த நாள் முதல் கேட்ட இருமல். வீராசாமி மாமா, கப்பல் பயணத்துக்கென்று அப்புத்தளையில் வாங்கிய புதுத் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பி வருகிறார்! போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. சந்தோசம் தாங்கவில்லை. சும்மா "மாமா" என்று கூப்பிட்டால் போதுமா? எங்கள் தோட்டத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு மாமா மேல்தான் விழும். ஆகவே தெளிவாக, தொண்டை கிழியக் கத்தினேன்:

"வீராசாமி மாமாவ்! போயிறாதீங்க! ஒங்களத்தான் தேடி வந்தேன்!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேட்டில், பனிக்குள், கொம்பும் கரியும் சிவந்த வாயுமாக ஒருவன் நின்று அவர் பேரைச் சொல்லிக் கயிற்றை ஆட்டுகிறான். (ஆட்டியது நான்தான். கையாட்டலாம் என்று தூக்கினேன், கையில் கயிறு இருந்தது.)

பெட்டி தலையிலிருந்து விழுந்தது. மலைச்சரிவில் டமார் டமார் என்று உருண்டது. எங்கேயாவது நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை, சத்தம் சிறிதாகிச் சிறிதாகிப் பள்ளத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. மாமாவையோ காணோம். வீரபத்திரனைப் பிடித்து நிறுத்த நாலு பேர் வேண்டும் என்றேன் அல்லவா, அன்றைக்கு நாற்பது பேர் வந்திருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது. விளக்கம் சொல்லலாம் என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

"நில்லுங்க மாமா! ஒரே நிமிசம்! ஒரு விசயம் சொல்லிட்டுப் போயிர்றேன்!"

எமன் சொல்லக்கூடிய விசயம் என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இன்னும் வேகமாக ஓடினார்.

பீலியைத் தாண்டிவிட்டோம். கழுவவில்லை. லயத்துக்குள் காலும் வைத்துவிட்டேன். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வாசலில் கூடியிருந்த நேரம். முன்னால் வேட்டி போன இடம் தெரியாமல் எங்கள் தோட்டத்து வீரபத்திரன், பின்னால் கயிற்றோடு எமன். கூடைகள் பறந்தன. மாமா காம்பராவுக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினார். நான் கதவைத் தட்டப் போன நேரம் பக்கவாட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் அப்படியே என் மூஞ்சியில் விழுந்தது. ஊற்றியது மாமன் மகள். கரி வழிந்தது. பாதி எமனும் பாதி தங்கராசுவுமாக நான் நின்றேன்.

"அய்யே, இந்த மூஞ்சியா!" என்றாள் அவள், காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு. "இதுக்கா எங்கப்பா இந்த ஓட்டம் ஓடுனாரு?"

லயமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அன்று பொழுது சாயும் வரைதான். மாமாவுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. மருந்துக்கு இறங்காத காய்ச்சல். சோறு தண்ணி இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். கவ்வாத்துக் கத்தியைப் பிடித்த கைக்குக் கம்பளியை இழுத்துப் போர்த்தக்கூட வலுவில்லை. கல்யாண ஆசை மண்ணாய்ப் போனதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மனுசன் செத்துவிட்டால் என்ன செய்வேன், அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்து எனக்கும் சோறு இறங்கவில்லை. அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன்.

"மாமா, அது நான்தான் மாமா. தங்கராசு. காதர் சொல்லி மேல் டிவிசன்ல வேசம் கட்டினேன். வேற ஒண்ணுமில்ல."

அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. பிறகு மெல்லிய குரலில் சொன்னார்.

"நீதான்னு எனக்கும் தெரியும்டா. ஆனா மூணு தரம் கூப்பிட்டிச்சு. மொதல்ல ரெண்டு தரம் எனக்குக் கீழ, பள்ளத்துக்குள்ளேயிருந்து. அது யாரு?"

நான் ஒரு தரம்தான் கூப்பிட்டேன். அதுவும் மேலேயிருந்து. இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அந்த மாசியில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம்.

கடைசியில் கோயில் தலைவர் ஆளனுப்பிச் சின்னக்கண்ணு அண்ணனை வரவழைத்தார். அவர் வந்து மாமாவைப் பார்த்தார், என்னை ஒரு முறை முறைத்தார், தீர்ப்பைச் சொன்னார்.

"கூப்பிட்டவந்தான் திருப்பி அனுப்பணும். வேசத்தோட வந்து, வாசல்ல நின்னு, நூறு வயசு வரைக்கும் இந்தப் பக்கம் வரமாட்டேன்னு எமன் வாயால சொல்லிட்டுப் போகணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! ஒரே ஒரு வரி. காலையில் என்னை மறுபடி கறுப்பாக்கினார்கள். அன்றும் பனி. லயத்து வாசலில் தோட்டமே கூடியிருந்தது, சத்தம் போடாமல். மாமாவைத் தூக்கி வந்து வாசற்படியில் சாய்த்து வைத்திருந்தார்கள். கண் உள்ளே போய், தாடி மண்டி, ஆளே மாறிப்போயிருந்தார். பக்கத்தில் மகள். அன்றைக்கு அவள் கையில் குடமும் இல்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு நூறு மறந்தது, வயசு மறந்தது, என் பேரே மறந்தது. வாய் மட்டும் அது பாட்டுக்குத் திறந்தது.

"அடுத்த மாசிக்கு வர்றேன் மாமா. அது வரைக்கும் இருங்க."

சின்னக்கண்ணு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். என் அம்மா "அடப்பாவி!" என்று வாய்விட்டே சொன்னார். ஆனால் மாமா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடுத்த மாசி வரைக்குமா?"

"ஆமாங்க."

"அதுக்குள்ள வரமாட்டியே?"

"வரமாட்டேங்க."

"அப்ப அடுத்த மாசியில நான் எங்க இருக்கணும்?"

சின்னக்கண்ணு அண்ணன்தான் பதில் சொன்னார். "இந்த வாசல்லதான். தவணைய வாங்கின எடத்துலதானே புதுப்பிக்கணும்?"

மாமா கம்பளியை விலக்கிக் காலை நீட்டினார். பிறகு கஞ்சி கேட்டார். அத்தை ஓடிப்போய் எடுத்து வர, குடித்துவிட்டுச் சொன்னார்: "கப்பலு அடுத்த வருசமும் போகும். அங்க உள்ள எமனுக்கு என்னத் தெரியுமா, ஒன்னத் தெரியுமா? இங்கன்னா நம்ம பய."

அந்தச் சித்திரையில் அவர்கள் கப்பலேறவில்லை. அடுத்த மாசியில் நான் போய் நின்றேன். நூறு வயசு என்று இந்தத் தடவையாவது சொல்லடா என்று எல்லாரும் பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள். மாமாவே தடுத்துவிட்டார். "பழசையே சொல்லு, வேல செய்யுது. எதுக்கு மாத்துற?" அப்படியே வருடா வருடம் தவணை, வருடா வருடம் கப்பல் தள்ளிப்போனது. பிறகு வடக்கில் சண்டை வந்து கப்பலே நின்றுவிட்டது.

மதன் வேசம் எனக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. எமனுக்கு மேலே எனக்குப் படியே இல்லாமல் போனது. எமன் கட்டுகிறவனுக்கு வேறு யாரும் பெண் கொடுக்கவும் முன்வரவில்லை. மாமாதான் யோசித்துப் பார்த்து, "இவன வெளிய விட்டு வைக்கிறது ஆபத்து, வீட்டோட கட்டிப் போடுவோம்," என்று மகளை எனக்குக் கொடுத்தார். நான் திட்டம் போட்டே அன்றைக்கு அடுத்த மாசி என்று சொன்னேன் என்று என் மனைவி இன்றுவரை வாதாடுகிறாள். சத்தியமாக நாக்குப் பிசகியதுதான். எனக்கு அவ்வளவு மூளை இருந்திருந்தால் பீலியில் முகத்தைக் கழுவியிருப்பேன்.

ஒரு வருடம் மாசியில் எனக்குக் கடுமையான சளிக்காய்ச்சல். பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தேன், வேசம் கட்ட முடியவில்லை. பங்குனி பிறந்ததும் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். எண்பதைத் தாண்டியிருந்தார். வயசுதான் காரணம் என்றார் டாக்டர். எங்கள் லயத்தில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் வீட்டில் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வந்த மருமகள் வரைக்கும். "ஏய்", "இந்தா", "யாரது அங்க" என்றுதான் என் குடும்பம் நடக்கிறது. ஊரில் எல்லா வீட்டிலும் பொண்டாட்டி புருசன் பேரைச் சொல்லமாட்டாள். எங்கள் வீட்டில் அவள் "தங்கராசு" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள், நான்தான் அவள் பேரைச் சொல்லக் கூடாது. இவ்வளவு எழுதியும் அவள் பேர் இதில் இல்லாததற்கு அதுதான் காரணம்.

போன மாதம் அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. பயந்துவிட்டேன். கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கண் விழித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரித்தாள்.

"என்ன தங்கராசு, பேரு சொல்லிக் கூப்பிடலாமான்னு பாக்குறீங்களா?"

"சும்மா இரு, இந்த நேரத்துலயும் ஒனக்குக் கிண்டலு," என்றேன்.

"இல்லீங்க, ஒரு நாளு கூப்பிடத்தான் போறீங்க. அன்னைக்குக் கிட்ட வந்து மெதுவாக் கூப்பிடுங்க. தூர நின்னு கத்திராதீங்க. எங்கப்பா மாதிரி ஓட எனக்கு முழங்கால் சரியில்ல."